முடுக்குக்குள் ஒரு திண்ணை: ஹால்ட் ஸ்டேஷன் எப்படி வேலை செய்கிறது

போன ஆவணியில் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஒரு வாக்குவாதம் கிளம்பியது. எங்களுக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர், "நம்ம ஊரு ஸ்டேஷனைத்தான் மூடிட்டானே" என்றார்.

"யாரு சொன்னா அண்ணாச்சி?" என்றார் எதிரே இருந்தவர்.

"யாரு வந்து சொல்லணும்? டிக்கெட் கொடுக்க ஆளைக் காணும், கொடி காட்ட ஆளைக் காணும், கட்டடத்துல பூட்டு தொங்குது. அப்புறம் என்னவே?"

"அப்ப காலைல நான் எதுல வந்து இறங்குனேன்?"

"டிரைவர் நல்ல பையனா இருப்பான். ஆள் நிக்கதப் பாத்து நிப்பாட்டிருப்பான்."

இந்தப் பேச்சு எனக்குப் புதிது இல்லை. திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதையிலும், அந்தப் பக்கம் தென்காசிப் பாதையிலும், சின்ன ஊர்க்காரர்கள் எல்லோருமே ஏதோ ஒரு வகையில் இதைப் பேசியிருப்பார்கள். ஆள் இல்லாத ஸ்டேஷன் என்றால் மூடிவிட்டார்கள் என்று ஒரு கட்சி, டிரைவர் மனசு வைத்தால்தான் வண்டி நிற்கும் என்று இன்னொரு கட்சி, சிக்னலே இல்லையே, பின்னால் இன்னொரு வண்டி வந்து இடித்தால் என்ன ஆகும் என்று பயப்படுகிற மூன்றாவது கட்சி. மூன்றுமே தப்பு. ஏன் தப்பு என்று சொல்லப் போனால் ஒற்றைத் தண்டவாளத்தில் ரயில் ஓடுகிற கதையையே கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆளில்லா ஸ்டேஷன் வேறு, ஆளில்லா ரயில்வே கேட் வேறு. கேட் என்பது சாலையும் தண்டவாளமும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம், அங்கே ஆள் இல்லாவிட்டால் உயிர் போகும். அகலப்பாதைகளில் அப்படி இருந்த கேட்டுகளை ஆள் போட்டோ, சுரங்கப்பாதை வெட்டியோ, வழியை அடைத்தோ 2019 ஜனவரிக்குள் ஒழித்துவிட்டார்கள். ஸ்டேஷனில் ஆள் இல்லாததற்கும் அந்த ஆபத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

பஸ் ஸ்டாண்டும் பஸ் ஸ்டாப்பும்

திருநெல்வேலி வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். டைம் கீப்பர் இருக்கிறார், எந்த வண்டி எப்போது கிளம்பலாம் என்று அங்கே முடிவாகிறது, ஒரு வண்டி ஒதுங்கி நின்று இன்னொன்றுக்கு வழி விட இடம் இருக்கிறது. அதே பஸ் போகிற வழியில் ஒரு ஊர் விலக்கில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. அங்கே யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. கண்டக்டர் விசில் அடித்தால் நிற்கும், இன்னொரு விசிலுக்குக் கிளம்பும். அதற்காக அந்த விலக்கை மூடிவிட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

ரயிலிலும் இந்த இரண்டு வகை உண்டு. ஆள், சிக்னல், ஒதுங்க இடம் எல்லாம் இருக்கிற பெரிய வகை ஒன்று. வெறுமனே ஏற, இறங்க மட்டும் இருக்கிற சின்ன வகை இன்னொன்று, அதைத்தான் ஹால்ட் என்கிறோம். திருச்செந்தூர் பாதையில் செய்துங்கநல்லூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவில் இருக்கிற தாதன்குளம் அப்படி ஒரு ஹால்ட். நாசரேத்துக்கும் குரும்பூருக்கும் நடுவில் இருக்கிற கச்சனாவிளையும் அப்படித்தான். மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயர் இருக்கும், ஒரு நடைமேடை இருக்கும், ஒரு சின்னக் கட்டடமும் உட்கார நாலு பெஞ்சும் நிழலுக்கு ஒரு மரமும் இருந்தால் அதிர்ஷ்டம்.

பஸ் ஸ்டாப் உவமை பாதி வழிதான் வரும். பின்னால் வருகிற பஸ் முன்னால் நிற்கிற பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம், எதிரே வருவதற்கும் அந்தப் பக்கம் இடம் இருக்கிறது. ரயிலுக்கு அது முடியாது. அங்கேதான் உண்மையான விஷயம் தொடங்குகிறது.

முடுக்கில் இரண்டு சைக்கிள்

நம்ம பக்கத்துத் தெருக்களில் இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிப் போகிற முடுக்கு தெரியும் அல்லவா? ஒரு சைக்கிள் போகலாம், எதிரே இன்னொன்று வந்தால் இரண்டும் மாட்டிக்கொள்ளும், யாராவது ஒருவர் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போக வேண்டும். கிளைப்பாதை பெரும்பாலும் இப்படி ஒரு நீள முடுக்குதான், திருநெல்வேலியில் இருந்து திருச்செந்தூர் வரை சுமார் அறுபது கிலோமீட்டருக்கு. போகிற வண்டி, வருகிற வண்டி இரண்டுக்கும் ஒரே தண்டவாளம்.

அப்படியானால் எதிரெதிரே வருகிற வண்டிகள் எப்படித் தாண்டிப் போகின்றன? முடுக்கில் அங்கங்கே கொஞ்சம் அகன்ற முற்றம் வந்தால் ஒருவர் அதில் ஒதுங்கி நின்று மற்றவரை விடலாமே, அதுபோல. சில ஸ்டேஷன்களில் மெயின் தண்டவாளத்தில் இருந்து பிரிந்து, கொஞ்ச தூரம் பக்கத்திலேயே ஓடி, மறுபடி அதிலேயே போய்ச் சேருகிற இன்னொரு தண்டவாளம் போட்டிருப்பார்கள். அதற்கு லூப் லைன் என்று பெயர். ஒரு வண்டி லூப்பில் ஒதுங்கி நிற்க, எதிர்வண்டி தாண்டிப் போவதுதான் கிராசிங். "கிராசிங்குக்குப் போட்டுட்டான்" என்று ஜன்னல் ஓரத்தில் முணுமுணுத்துக்கொண்டு வேர்க்கடலை உரிப்போமே, அதே கிராசிங்.

ஹால்ட்டில் லூப் லைன் இருக்காது. முடுக்கின் நடுவில், ஒரு வீட்டு வாசலில் இருக்கிற திண்ணை மாதிரி அது. போகிற வழியில் உட்கார்ந்து எழுந்து போகலாம், ஆனால் திண்ணை இருக்கிறது என்பதற்காக முடுக்கு அகலமாகிவிடாது. நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்வரை முடுக்கு உங்களுடையது, இரண்டு முனையிலும் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

இதுவரை சொன்னதில் இரண்டு விஷயம் பிடித்துக்கொண்டால் போதும். வண்டிகள் ஒன்றையொன்று தாண்ட லூப் லைன் உள்ள ஸ்டேஷன் வேண்டும். ஹால்ட்டில் அது இல்லை, அங்கே ஏறலாம் இறங்கலாம், அவ்வளவுதான்.

முடுக்குக்குள் ஒருவர்தான்: லைன் கிளியர்

சரி, முடுக்கின் இந்த முனையில் இருப்பவருக்கு உள்ளே ஆள் இருக்கிறாரா என்று எப்படித் தெரியும்? எட்டிப் பார்த்தால் தெரியாத தூரம். செய்துங்கநல்லூரில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், ஸ்ரீவைகுண்டத்தில் ஒருவர். நடுவில் இருக்கிற தண்டவாளத் துண்டுக்கு பிளாக் செக்‌ஷன் என்று பெயர். அதன் இரு முனையிலும் இருந்து காவல் காக்கிற ஸ்டேஷன்கள் பிளாக் ஸ்டேஷன்கள். ஒரு நேரத்தில் ஒரு பிளாக் செக்‌ஷனுக்குள் ஒரே ஒரு வண்டி. ரயில்வே பாதுகாப்பில் வேறு எதை மறந்தாலும் இந்த ஒரு வரியை மறக்கக் கூடாது.

செய்துங்கநல்லூர்க்காரர் வண்டியை அனுப்ப வேண்டும் என்றால் முதலில் ஸ்ரீவைகுண்டத்தைக் கேட்க வேண்டும்: "பாதை காலியா, விடட்டுமா?" அங்கே இருப்பவர் சம்மதம் கொடுத்தால் அதுதான் லைன் கிளியர். இது வெறும் வாய்ப்பேச்சாக இருந்தால் தூக்கக் கலக்கத்தில் ஒருநாள் தப்பு நடக்கும். அதனால் இரண்டு ஸ்டேஷனிலும் இருக்கிற கருவிகளை மின்சாரத்தால் ஒன்றோடொன்று கட்டிப்போட்டிருக்கிறார்கள். அந்த முனை சம்மதிக்காமல் இந்த முனையில் வண்டியை உள்ளே விடுகிற கடைசி சிக்னல் பச்சையாகாது. ஒரு வண்டி உள்ளே போய்விட்டால், அது வெளியே வந்து சேரும்வரை மறுபடியும் பச்சையாகாது.

தண்டவாளம் ஒடுக்கமாக இருந்த மீட்டர் கேஜ் காலத்தில் இதை இன்னும் அழகாகக் கண்ணால் பார்க்கலாம். கருவிக்குள் இருந்து ஒரு உலோக உருண்டையை எடுத்து, தோல் பைக்குள் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவரிடம் கொடுப்பார்கள். அந்த உருண்டைதான் டோக்கன். டோக்கன் கையில் இருந்தால்தான் முடுக்குக்குள் போகலாம், ஒன்று வெளியே இருக்கும்போது இரண்டு முனைக் கருவிகளும் அடுத்த உருண்டையைத் தராது. நிற்காமல் போகிற வண்டியில் இருந்து பழைய வளையத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது வளையத்தைக் கையில் மாட்டி இழுத்துக்கொள்கிற காட்சியைப் பார்க்கவே பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் ஸ்டேஷன் பக்கம் ஒதுங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். 2008-ல் திருச்செந்தூர் பாதையும் 2012-ல் தென்காசிப் பாதையும் அகலமான பிறகு அதெல்லாம் போய்விட்டது.

உள்ளே போன வண்டி முழுசாக வெளியே வந்துவிட்டதா என்பது அடுத்த கேள்வி. பாதி வழியில் ஒரு பெட்டி கழன்று நின்றிருந்தால்? ஆட்டுக்கிடை போடுகிறவர் காலையில் பட்டியைத் திறந்து விடும்போது தலையை எண்ணுவார், சாயங்காலம் அடைக்கும்போது மறுபடி எண்ணுவார், ஒன்று குறைந்தால் படலைச் சாத்த மாட்டார். பல இடங்களில் இப்போது தண்டவாளத்தின் ஓரத்தில் அதே வேலையைச் செய்கிற கருவி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஆக்சில் கவுண்டர் என்று பெயர். இந்த முனையில் உள்ளே போன அச்சுகளை எண்ணும், அந்த முனையில் வெளியே வந்ததை எண்ணும், கணக்கு ஒத்தால்தான் பாதை காலி. அது போக, கடைசிப் பெட்டியின் பின்புறம் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரம் இல்லை, இதுதான் கடைசிப் பெட்டி, இதோடு வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்பதற்கான அடையாளம்.

இப்போது மூன்றாவது கட்சியின் பயத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. வண்டி தாதன்குளத்தில் இரண்டு நிமிடம் நின்றாலும் இருபது நிமிடம் நின்றாலும், அது செய்துங்கநல்லூர்–ஸ்ரீவைகுண்டம் பிளாக்குக்கு உள்ளேதான் இருக்கிறது. அது வெளியே போகாமல் இரண்டு முனையில் இருந்தும் இன்னொரு வண்டிக்குப் பச்சை விழாது. தாதன்குளத்தில் தனியாக ஒரு சிக்னல் வைத்துச் செய்ய அங்கே வேலையே இல்லை.

2023 மழையில் கேட்ட பெயர்கள்

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை என்பதற்கு 2023 டிசம்பர் 17-ம் தேதி ராத்திரியை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நேரம். திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் வந்தது. முன்னால் ஜல்லி அரித்துப் போய்விட்டது என்று தெரிந்ததும் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். சுமார் 800 பயணிகள். கொஞ்சம் பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள், மீதிப் பேர் வண்டியிலும் ஸ்டேஷனிலுமாக வெள்ளத்துக்கு நடுவே கிடந்தார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலேயே தண்ணீர் நிற்க, இவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள்.

அப்போது வந்த அறிவிப்புகளில் "ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே பாதை சேதம்" என்றுதான் இருந்தது. நடுவில் தாதன்குளம் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே, அதை ஏன் சொல்லவில்லை என்று அப்போதே சிலர் கேட்டார்கள். சொல்லாதது அலட்சியம் இல்லை. வண்டியை நிறுத்த, விட அதிகாரம் உள்ள இரண்டு முனைகளின் பெயரைச் சொல்வதுதான் ரயில்வே கணக்கு. பயணிக்கு தாதன்குளம் ஒரு ஸ்டேஷன். வண்டியை நடத்துகிறவர்களுக்கு அது இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் இருக்கிற தண்டவாளத்தில் ஒரு இடம். இந்த இரண்டு பார்வையும் ஒரே பலகையின் கீழ் இருப்பதால்தான் இவ்வளவு குழப்பமும். வண்டி ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

சுருக்கமாக: பிளாக் ஸ்டேஷன் வண்டியின் போக்கை முடிவு செய்யும். ஹால்ட் செய்யாது, செய்யவும் தேவையில்லை.

அப்படியானால் யார் நிறுத்துகிறார்கள்?

டிரைவரின் நல்ல மனசு இல்லை. அவரிடம் இருக்கிற கால அட்டவணையில் எந்தெந்த ஹால்ட்டில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. நடைமேடையில் நூறு பேர் நின்றாலும் ஒருவரும் இல்லாவிட்டாலும் நின்றாக வேண்டும். அட்டவணையில் இல்லாத விரைவு வண்டிக்கு நீங்கள் துண்டை வீசிக் காட்டினாலும் அது தூசியைக் கிளப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ராத்திரியில் இருட்டுக்குள் ஹால்ட் வருவது டிரைவருக்குத் தெரிவதற்காகக் கொஞ்ச தூரம் முன்னாலேயே மஞ்சளும் கறுப்புமாகச் சாய்வுப் பட்டை போட்ட பலகை ஒன்று நட்டிருப்பார்கள்.

கிளப்புகிறவர் கார்டு. 2022-ல் இருந்து அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், நம்ம ஊரில் யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கடைசிப் பெட்டியில் இருந்து இறங்கி நடைமேடையை ஒரு பார்வை பார்த்து, ஏறுகிறவர்கள் ஏறி முடித்ததும் பச்சைக் கொடி காட்டுவார், ராத்திரி என்றால் பச்சை விளக்கு. டிரைவர் அதைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்புவார். பஸ்ஸில் கண்டக்டர் விசில் கொடுக்கிற அதே வேலைதான். சூரசம்ஹாரம், வைகாசி விசாகம் சமயத்தில் பால்குடமும் குழந்தையுமாக ஏறுகிற கூட்டத்தில் அந்த மனிதர் படுகிற பாட்டைப் பார்த்தால், ஹால்ட்டில் ஆளே இல்லை என்று சொல்ல வாய் வராது.

டிக்கெட் யார் கொடுப்பது

பல ஹால்ட்டுகளில் உள்ளூர்க்காரர் ஒருவரை ஏஜென்டாகப் போட்டிருப்பார்கள். அவர் ரயில்வே ஊழியர் இல்லை. பக்கத்து ஸ்டேஷனில் முன்பணம் கட்டி டிக்கெட் வாங்கி வந்து, வண்டி வருகிற நேரத்துக்குக் கதவைத் திறந்து விற்பார், விற்றதற்குக் கமிஷன். வண்டி போனதும் பூட்டிவிட்டுத் தன் வயலுக்கோ கடைக்கோ போய்விடுவார். பெரியப்பா பார்த்த பூட்டு அநேகமாக இதுதான்.

ஏஜென்ட் இல்லை, அல்லது அன்றைக்கு அவர் வீட்டில் விசேஷம், டிக்கெட் கிடைக்கவில்லை. என்ன செய்வது? செல்போன் இருந்தால் ரயில்ஒன் மாதிரிச் செயலியில் முன்பதிவில்லா டிக்கெட் எடுக்கலாம். வீட்டில் இருந்து கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு முயன்றால் சில சமயம் அது மறுத்துவிடும். போன் இல்லாதவர் ஏறுவதற்கு முன்பே நேராகக் கார்டிடம் போய்ச் சொல்ல வேண்டும். இது சலுகை இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. 1989 ரயில்வே சட்டத்தின் 55-வது பிரிவு, அதிகாரமுள்ள ஊழியரிடம் அனுமதியும் அதற்கான சான்றும் பெற்றுக்கொண்டு, பிறகு கட்டணத்தைக் கட்டிவிடுகிறேன் என்ற நிபந்தனையில் பயணம் செய்ய இடம் கொடுக்கிறது. "ஹால்ட்டுல டிக்கெட் இல்ல சார்" என்று பரிசோதகர் பிடித்த பிறகு சொல்வது வேறு, ஏறும்போதே சொல்வது வேறு.

இங்கே ஒரு ஊர்ப்பேச்சையும் தொட வேண்டும். "அம்பது பேரு ஏறுதோம், அவன் கணக்குல அஞ்சு பேருதான் இருக்கு" என்பார்கள். ஏன் தெரியுமா? ஒரு ஸ்டேஷனின் வருமானக் கணக்கு அங்கிருந்து புறப்படுகிற டிக்கெட்டை வைத்துத்தான். நீங்கள் திருநெல்வேலியில் வைத்தே போக, வர இரண்டுக்கும் சேர்த்து எடுத்துவிட்டால், அந்தப் பணம் திருநெல்வேலியின் கணக்கில் ஏறும், நம்ம ஹால்ட்டின் ஏட்டில் வெறும் கோடுதான் இருக்கும். டிக்கெட்டே எடுக்காமல் ஏறுகிற மகராசன்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. வருமானம் இல்லை என்று நிறுத்தத்தை எடுக்கும்போது மனு எழுதுகிற முதல் ஆளும் அவர்தான்.

ஒரு ஆளைப் போட்டால் என்ன?

ஒரு ஆள் போதாது என்பதுதான் பதில். பிளாக் ஸ்டேஷன் ராத்திரியும் பகலும் விழித்திருக்க வேண்டும். எட்டு மணி நேர முறை என்றால் ஸ்டேஷன் மாஸ்டரே மூன்று பேர், லீவுக்கு மாற்று, அதே அளவுக்குத் தண்டவாளம் பிரிகிற இடத்தைப் பார்த்துக்கொள்கிற பாயின்ட்ஸ்மேன், சிக்னலைப் பராமரிக்க ஆள். லூப் லைனும் கருவிகளும் தனிச் செலவு. வண்டி கிராசிங் போட வேண்டிய தேவை இல்லாத இடத்தில் இவ்வளவையும் வைக்க மாட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தே வித்தியாசம் கண்டுபிடித்துவிடலாம்: பக்கத்தில் இரண்டாவது தண்டவாளமும் முனையில் சிக்னல் கம்பமும் இருந்தால் பிளாக் ஸ்டேஷன், ஒற்றைத் தண்டவாளமும் பெயர்ப் பலகையும் மட்டும் என்றால் அநேகமாக ஹால்ட்.

கல்யாண வீட்டில் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது பெரியப்பா அசரவில்லை. "சரிடே, அப்ப வண்டி லேட்டுன்னா நான் யாருட்ட கேக்க?" என்றார். நல்ல கேள்வி. செயலியைப் பார்க்கலாம்தான், ஆனால் வண்டி வந்தது, போனது என்று குறித்துச் சொல்ல ஹால்ட்டில் ஆள் கிடையாதே, அதனால் அங்கே காட்டுகிற நேரம் பல சமயம் அக்கம்பக்கத்து ஸ்டேஷன் நேரத்தை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்காக இருக்கும். வண்டி வந்துவிட்டுப் போய்விட்டது என்று போன் காட்டும், நாம் இன்னும் வெயிலில் நின்றுகொண்டிருப்போம்.

"போனைப் பாக்காதீங்க பெரியப்பா, பக்கத்துல இருக்க கேட்டைப் பாருங்க. கேட் அடைச்சா வண்டி வருதுன்னு அர்த்தம்" என்றேன்.

"எந்தப் பக்கத்துல இருந்து?"

அதைக் கேட் கீப்பரிடம்தான் கேட்க வேண்டும்.